கால்பந்துக் கழகத்தை ஊர் பெயர்த்தவர்: சர் ஹென்றி நாரிஸ் வாழ்க்கை

ஊருக்கு ஒரு தேர் உண்டு. தேர் ஓடும் நாளில், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாம் வீடு திரும்புவார்கள். ஏழை, பணக்காரர் எல்லோரும் வடம் பிடிப்பார்கள். இது எங்கள் தேர் என்று பெருமைப்படுவார்கள்.

அந்தத் தேரை ஒரு பணக்காரர் விலைக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அதை ஆற்றுக்கு அக்கரையில், சுமார் 10 மைல் தூரத்தில் உள்ள வேறு ஊருக்குக் கொண்டு போய்விட்டார். அந்த ஊர் மக்களுக்கு எப்படி இருக்கும்?

லண்டன் மாநகரத்தில், 1913-ம் ஆண்டில் அப்படி ஒரு காரியம் நடந்தது. போனது தேர் அல்ல. ஒரு கால்பந்துக் கழகம்!

இன்று உலகம் எங்கும் ரசிகர்களைக் கொண்ட ஆர்சனல் கழகம்தான் அது. அதைப் பெயர்த்துக்கொண்டு போனவர் சர் ஹென்றி நாரிஸ்.

அவர் அந்தக் கழகத்தைக் காப்பாற்றினார் என்று ஒரு சாரார் சொல்வார்கள். ஊர்ச் சொத்தைப் பறித்தார் என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். இரண்டும் உண்மை!

குமாஸ்தா ஆனார்

ஹென்றி நாரிஸ் 1865-ம் ஆண்டு ஜூலை மாதம், லண்டனில் உள்ள கென்னிங்டன் என்ற பகுதியில் பிறந்தார். எளிய குடும்பம். 14-வது வயதில் படிப்பு நின்றது. ஒரு வக்கீல் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தார்.

நிலப் பத்திரம், குத்தகைப் பத்திரம், கடன் பத்திரம் இவற்றோடு பல ஆண்டுகள் பழகினார். எந்த நிலம் இன்று மலிவு, எது நாளைக்கு விலை ஏறும் என்று பார்த்தவுடன் சொல்லும் திறமை அவருக்கு வந்தது.

பிறகு அந்த வேலையை விட்டார். ஆலன் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து, வீடு கட்டி விற்கும் தொழிலில் இறங்கினார்.

அது லண்டன் நகரம் நாலாபக்கமும் பெருகிய காலம். மேற்கு லண்டனில் உள்ள புல்ஹாம் பகுதியில் தெருத் தெருவாக வீடுகள் எழுந்தன. ஆலன், நாரிஸ் கூட்டு நிறுவனம் ஏராளமான வீடுகளைக் கட்டியது. பணம் குவிந்தது.

பணத்தோடு பதவியும் வந்தது. 1909-ம் ஆண்டில் புல்ஹாம் நகரசபைக்கு மேயர் ஆனார். 1919-ம் ஆண்டு வரை, பத்து ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

பெரிய மீசை. மூக்கின் மேல் கண்ணாடி. தலையில் வட்டத் தொப்பி. தாம் நினைத்ததை நடத்தியே தீரவேண்டும் என்ற பிடிவாதம். இதுதான் நாரிஸ்.

கைநழுவிய மைதானம்

புல்ஹாமில் ஒரு கால்பந்துக் கழகம் இருந்தது. நாரிஸ் அதன் நிர்வாகத்தில் புகுந்தார். கழகம் வளர்ந்தது. 1907-ம் ஆண்டில் இங்கிலாந்தின் பெரிய போட்டியான லீகில் அதற்கு இடம் கிடைத்தது.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சம்பவம் நடந்தது.

கஸ் மியர்ஸ் என்ற பணக்காரர், ஸ்டாம்போர்டு பிரிட்ஜ் என்ற மைதானத்தை வாங்கினார். அதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளும்படி புல்ஹாம் கழகத்தைக் கேட்டார். ஆண்டு வாடகை 1,500 பவுன். வாடகை அதிகம் என்று நாரிஸ் மறுத்துவிட்டார்.

மியர்ஸ் சும்மா இருப்பாரா? தாமே ஒரு புதுக் கழகத்தைத் தொடங்கினார். அதுதான் செல்சி!

புல்ஹாமின் வாசலிலேயே ஒரு போட்டிக் கழகம் முளைத்துவிட்டது. கூட்டம் எல்லாம் அங்கே போயிற்று.

கால்பந்தில் காலும் பந்தும் மட்டும் போதாது, மைதானம் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று நாரிஸ் அப்பொழுது கண்டிருக்கவேண்டும். பின்னால் அவர் செய்த காரியங்கள் அதைக் காட்டுகின்றன.

தொழிலாளர் வளர்த்த பிள்ளை

இனி, தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள உல்விச் என்ற ஊருக்குப் போவோம்.

உல்விச்சில் சர்க்காருக்குச் சொந்தமான பெரிய ஆயுதத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. பீரங்கியும் குண்டும் அங்கே தயாராயின. அதன் பெயர் ராயல் ஆர்சனல். ஆர்சனல் என்றால் ஆயுதச்சாலை என்று அர்த்தம்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு பட்டறை. வாசலில் சூரிய கடிகாரம் இருந்ததால் அதற்கு டயல் ஸ்கொயர் என்று பெயர். 1886-ம் ஆண்டு, அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து கால்பந்து ஆட முடிவு செய்தார்கள். டேவிட் டான்ஸ்கின் என்ற ஸ்காட்லாந்துக்காரர் முன்னின்றார். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டார்கள். பந்து வந்தது.

சட்டைக்குக் காசு இல்லை. நாட்டிங்ஹாம் நகரத்தின் பாரஸ்டு கழகத்தில் முன்பு ஆடியவர்கள் சிலர் இவர்களிடையே இருந்தார்கள். அந்தக் கழகம் சிவப்புச் சட்டைகளைத் தானமாகக் கொடுத்தது. ஆர்சனல் வீரர்கள் இன்றும் அணியும் சிவப்பு நிறம் அப்படி வந்ததுதான்.

பின்பு கழகம் ஒரு கம்பெனி ஆயிற்று. பங்கு ஒன்றுக்கு ஒரு பவுன். வாங்கியவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்த் தொழிலாளர்கள். 1893-ம் ஆண்டில் பக்கத்து ஊரான பிளம்ஸ்டெட்டில் மேனர் மைதானத்தைச் சீர்படுத்தியபோது, ரசிகர்களும் கைகொடுத்தார்கள்.

அந்த ஆண்டிலேயே லீகில் இடம் கிடைத்தது. தென் இங்கிலாந்தில் இருந்து லீகில் சேர்ந்த முதல் கழகம் உல்விச் ஆர்சனல்தான். 1904-ம் ஆண்டில் முதல் டிவிஷனுக்கு ஏறியது.

சனிக்கிழமை மத்தியானம் வரை தொழிற்சாலை. பிறகு மைதானம். பீரங்கி வார்த்த கைகள் தட்டிய கைதட்டலில் அந்தக் கழகம் வளர்ந்தது.

வறுமை வந்தது

ஆனால் காலம் மாறியது.

உல்விச் லண்டனின் ஒரு மூலையில் இருந்தது. நகரத்தின் மற்றப் பகுதிகளில் இருந்து அங்கே போய்ச் சேருவதே பெரும்பாடு. தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் நடந்தபோது, தொழிலாளர்கள் சனிக்கிழமை மத்தியானமும் வேலை செய்யவேண்டி வந்தது. மைதானத்தில் கூட்டம் குறைந்தது.

பிறகு செல்சி, புல்ஹாம், டாட்டன்ஹாம் என்று லண்டன் கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக லீகில் சேர்ந்தன. எளிதில் போகக்கூடிய மைதானம் இருக்கும்போது, உல்விச்சுக்கு யார் போவார்கள்?

நல்ல ஆட்டக்காரர்களை விற்றுச் செலவை ஈடுகட்டினார்கள். நல்லவர்கள் போனதும் ஆட்டம் கெட்டது. ஆட்டம் கெட்டதும் கூட்டம் இன்னும் குறைந்தது. 1910-ம் ஆண்டில் கம்பெனி நொடித்து, கலைக்கப்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஹென்றி நாரிஸ் வந்தார்.

அவரும், அவருடைய நண்பர் வில்லியம் ஹாலும் சேர்ந்து பணம் போட்டார்கள். கடனை ஏற்றுக்கொண்டார்கள். கழகம் அவர்கள் கைக்கு வந்தது.

நாரிஸ் வராவிட்டால் கழகமே மறைந்திருக்கும். அது உண்மை. ஆனால் அவர் தருமம் செய்ய வரவில்லை. வியாபாரம் செய்ய வந்தார்.

பலிக்காத திட்டம்

நாரிஸின் முதல் திட்டம் இதுதான்: உல்விச் ஆர்சனலையும் புல்ஹாமையும் ஒன்றாக இணைத்துவிடுவது. ஆர்சனலுக்கு முதல் டிவிஷனில் இடம் இருந்தது. புல்ஹாமுக்கு நல்ல மைதானம் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் லாபம்தானே?

லீக் நிர்வாகிகள் ஒப்பவில்லை. ஆர்சனல் தன் ஊரிலேயே ஆடவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு கழகங்களும் ஒரே மைதானத்தில் மாறி மாறி ஆடலாம் என்ற யோசனையும் பலிக்கவில்லை.

நாரிஸ் பொறுத்திருந்தார்.

1912-13-ம் ஆண்டுப் பருவம் வந்தது. ஆர்சனல் 38 ஆட்டங்கள் ஆடியது. மூன்றே மூன்றில்தான் வெற்றி! அதிலும் சொந்த மைதானத்தில் வென்றது ஒன்றே ஒன்று. கடைசி இடம். கழகம் இரண்டாவது டிவிஷனுக்கு இறங்கியது.

1913-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மேனர் மைதானத்தில் கடைசி ஆட்டம் நடந்தது. எதிரி மிடில்ஸ்பரோ கழகம். ஆளுக்கு ஒரு கோல். வெற்றி தோல்வி இல்லை. அதைப் பார்க்க வந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான்.

பாதிரிமார் கல்லூரி நிலம்

நாரிஸ் லண்டனைச் சல்லடை போட்டுத் தேடினார். கடைசியில் வடக்கு லண்டனில், ஹைபரி என்ற இடத்தில் ஒரு நிலம் கிடைத்தது.

அது பாதிரிமார் படிக்கும் ஒரு கல்லூரியின் விளையாட்டு மைதானம். சுற்றிலும் ஜனங்கள் நெருங்கி வாழும் தெருக்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்திலேயே கில்லெஸ்பி ரோடு என்ற பாதாள ரெயில் நிலையம்! லண்டனின் எந்தப் பகுதியில் இருந்தும் வந்து இறங்கலாம்.

21 ஆண்டுக் குத்தகை. தொகை 20,000 பவுன். கிறிஸ்துமஸ் அன்றும் புனித வெள்ளி அன்றும் ஆட்டம் நடத்தக்கூடாது, மைதானத்தில் மது விற்கக்கூடாது என்று கல்லூரி நிபந்தனை போட்டது. நாரிஸ் ஒப்புக்கொண்டார். இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குருவான கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பின் கையெழுத்தே பத்திரத்தில் விழுந்தது.

மைதானக் கட்டடங்கள் அமைப்பதில் பேர்பெற்ற ஆர்ச்சிபால்டு லீச் என்ற எஞ்சினீயர் அழைக்கப்பட்டார். மண் நிரப்பினார்கள். மேடு தட்டினார்கள். சில மாதங்களில் வேலை நடந்தது.

நாலாபக்கமும் எதிர்ப்பு

விஷயம் வெளியே தெரிந்ததும் புயல் கிளம்பியது.

ஹைபரியில் இருந்து சுமார் நாலு மைல் தூரத்தில் டாட்டன்ஹாம் கழகம் இருந்தது. பக்கத்திலேயே கிளாப்டன் ஓரியண்ட் என்ற கழகமும் இருந்தது. எங்கள் பிழைப்பில் மண் விழும் என்று இரண்டும் முறையிட்டன. வேறு கழகங்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டன.

ஹைபரியில் வீடு வைத்திருந்தவர்களும் எதிர்த்தார்கள். கூட்டமும் கூச்சலும் வந்தால் தெருவின் மதிப்புக் கெடும் என்று பயந்தார்கள். அந்தப் பகுதி நகரசபையும் ஆட்சேபித்தது.

லீக் நிர்வாகிகள் யோசித்தார்கள். ஒரு கழகம் இடம் மாறுவதைத் தடுக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று முடிவு சொன்னார்கள். நாரிஸ் வென்றார்.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். போட்டிக் கழகங்களின் குறையை லீக் கேட்டது. ஹைபரி வீட்டுக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். அவர்களுக்காக நகரசபை பேசியது.

கழகத்தைப் பெற்று வளர்த்த உல்விச் தொழிலாளர்களின் பேச்சு யார் காதில் விழுந்தது?

உல்விச்சின் மனக்குறை

அவர்கள் உள்ளூர்ப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். 27 ஆண்டுகள் வளர்த்த பிள்ளையை ஒரே நாளில் தூக்கிக்கொண்டு போவதா என்று மனம் கொதித்தார்கள். இனி அந்தக் கழகத்தின் முகத்திலேயே விழிக்கமாட்டோம் என்று சபதம் செய்தவர்களும் உண்டு.

கழகம் ஹைபரிக்குப் போனால் இவர்களும் அங்கே போகக்கூடாதா என்று கேட்கலாம்.

போகலாம். ஆனால் ஆற்றைக் கடக்கவேண்டும். ரெயில் மாறவேண்டும். வண்டிச் சத்தத்துக்குக் காசு வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் தொழிற்சாலைச் சங்கு ஊதியபிறகு கிளம்பினால், ஆட்டம் தொடங்குமுன் போய்ச்சேர முடியுமா?

காசைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. நேற்றுவரை அது பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆடிய ஆட்டம். இனி அது வேற்றூர் ஆட்டம்.

நாரிஸ் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. கழகம் பிழைக்கக் கூட்டம் வேண்டும். உல்விச்சில் கூட்டம் வரவில்லை. கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஊர் மக்களே வராத கழகத்தை ஊர் மக்களுக்காக வைத்திருப்பது எப்படி?

ஆனால் மூன்று ஆட்டங்களில் மட்டும் ஜெயித்த ஆண்டு அது. நல்ல ஆட்டக்காரர்களை விற்ற கழகத்துக்கு எப்படிக் கூட்டம் வரும் என்று உல்விச் மக்கள் கேட்டிருந்தால், அதிலும் நியாயம் உண்டு.

பால் வண்டியில் போன வீரர்

1913-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி. ஹைபரியில் முதல் ஆட்டம். எதிரி லீசெஸ்டர் பாஸ் கழகம். மைதான வேலை முழுவதும் முடியவில்லை. ஆனாலும் சுமார் 20,000 பேர் கூடினார்கள்!

முதல் கோலை லீசெஸ்டர் போட்டது. ஆர்சனல் வீரர் ஜார்ஜ் ஜோபி தலையால் முட்டிப் பதில் கோல் போட்டார். பிறகு பெனால்டி மூலம் இன்னொரு கோல். 2-1 என்ற கணக்கில் ஆர்சனல் வென்றது.

ஜோபிக்குக் காலில் அடிபட்டுவிட்டது. அவரைத் தூக்கிச் செல்ல வண்டி இல்லை. பக்கத்துத் தெருப் பால்காரரின் தள்ளுவண்டியை வாங்கி, அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள் என்று சொல்வார்கள்.

வண்டி பால் வண்டிதான். ஆனால் நாரிஸின் கணக்குப் பலித்தது. கூட்டம் வந்துவிட்டது.

அந்தப் பருவத்தில் ஆர்சனல் மூன்றாவது இடம் பெற்றது. கோல் கணக்கில்தான் முதல் டிவிஷன் தவறியது.

1914-ம் ஆண்டில் கழகத்தின் பெயரில் இருந்த உல்விச் என்ற சொல்லும் நீக்கப்பட்டது. ஊரை விட்டுப் போன கழகம், ஊர்ப் பெயரையும் விட்டுவிட்டது. ஆர்சனல் என்ற தொழிற்சாலைப் பெயர் மட்டும் மிஞ்சியது.

மேனர் மைதானம் பாழடைந்தது. பிறகு அந்த இடத்தில் தொழிற்கூடங்கள் வந்தன.

சர் பட்டம்

1914-ம் ஆண்டில் முதல் உலக யுத்தம் மூண்டது. கால்பந்து வீரர்களையும் ரசிகர்களையும் கொண்டு ஒரு பட்டாளம் திரட்டினார்கள். அதற்கான கூட்டம் புல்ஹாம் நகரசபை மண்டபத்தில்தான் நடந்தது. மேயர் நாரிஸ் முன்னின்று உழைத்தார். 1917-ம் ஆண்டில் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. 1918-ம் ஆண்டுத் தேர்தலில் புல்ஹாம் கிழக்குத் தொகுதியில் நின்று, பார்லிமெண்டு மெம்பர் ஆனார். 14 வயதில் படிப்பை விட்ட பையன் அவ்வளவு தூரம் ஏறிவிட்டார்!

18 ஓட்டு

யுத்தம் முடிந்தது. கால்பந்து மறுபடியும் தொடங்க ஏற்பாடு நடந்தது. முதல் டிவிஷனில் 20 கழகங்களுக்குப் பதிலாக 22 கழகங்கள் ஆடும் என்று முடிவாயிற்று.

யுத்தத்துக்கு முன் நடந்த கடைசிப் பருவத்தில், முதல் டிவிஷனில் கடைசி இரண்டு இடம் பெற்றவை செல்சியும் டாட்டன்ஹாமும். கூடுதலான இரண்டு இடங்களும் தங்களுக்கே என்று அவை நம்பின. செல்சிக்கு இடம் உறுதியாயிற்று. மற்ற ஓர் இடத்துக்கு ஓட்டெடுப்பு நடந்தது.

ஆர்சனலும் போட்டியிட்டது. அது இரண்டாவது டிவிஷனில் ஐந்தாவது இடம் பெற்ற கழகம்!

1919-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓட்டு எண்ணினார்கள். ஆர்சனலுக்கு 18. டாட்டன்ஹாமுக்கு 8. மற்ற ஐந்து கழகங்களுக்கும் அதைவிடக் குறைவு.

ஐந்தாவது இடத்துக்காரர் எப்படி மேலே வந்தார்? நாரிஸ் திரைமறைவில் வேலை செய்தார் என்று பலர் பேசினார்கள். ஆனால் யாரும் சாட்சியோடு நிரூபிக்கவில்லை.

டாட்டன்ஹாம் கழகத்தில் ஒரு கிளி வளர்ந்தது. தென் அமெரிக்காவில் ஆடிவிட்டுத் திரும்பியபோது கப்பலில் கிடைத்த கிளி. ஓட்டில் தோற்ற செய்தி வந்த அன்று அந்தக் கிளி செத்துவிட்டதாம்! இப்படி ஒரு கதை உண்டு. ஆர்சனலுக்கும் டாட்டன்ஹாமுக்கும் உள்ள பகை இன்றும் தீரவில்லை.

அன்று மேலே ஏறிய ஆர்சனல், இன்றுவரை கீழே இறங்கவில்லை.

சாப்மன் வந்தார்

கழகம் கடனில் இருந்தது. நாரிஸ் செலவைச் சுருக்கினார். ஓர் ஆட்டக்காரரை வாங்க 1,000 பவுனுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று மானேஜர் லெஸ்லி நைட்டனுக்குக் கட்டளை போட்டார். அந்தப் பணத்துக்கு நல்லவர்கள் கிடைக்கவில்லை. ஆட்டம் சரியில்லை என்று 1925-ம் ஆண்டில் நைட்டனை வேலையில் இருந்து நீக்கினார்.

அந்த ஆண்டில் நாரிஸ் இரண்டு பெரிய காரியங்கள் செய்தார். குத்தகைக்கு இருந்த ஹைபரி நிலத்தை 64,000 பவுன் கொடுத்துச் சொந்தமாக வாங்கச் செய்தார். ஹெர்பர்ட் சாப்மனை மானேஜராக அழைத்து வந்தார்.

சாப்மன், ஹடர்ஸ்பீல்டு கழகத்துக்கு இரண்டு லீக் பட்டங்கள் வாங்கிக் கொடுத்த மேதை. சண்டர்லாண்டு கழகத்தில் இருந்து சார்லி புக்கன் என்ற புகழ்பெற்ற வீரரையும் ஆர்சனல் வாங்கியது. ரொக்கம் 2,000 பவுன். முதல் பருவத்தில் அவர் போடும் ஒவ்வொரு கோலுக்கும் 100 பவுன். புக்கன் 21 கோல் போட்டுவிட்டார்! மொத்தம் 4,100 பவுன் ஆயிற்று.

1927-ம் ஆண்டில் ஆர்சனல் முதல் தடவையாக இங்கிலாந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. கார்டிப் கழகத்திடம் 1-0 என்று தோற்றது. ஆனாலும் நல்ல காலம் பிறந்துவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள்.

அந்த ஆண்டிலேயே நாரிஸுக்குக் கெட்ட காலம் பிறந்தது.

125 பவுன்

ஆட்டக்காரர்களுக்கு இவ்வளவுக்கு மேல் சம்பளம் கொடுக்கக்கூடாது என்று அந்தக் காலத்தில் சட்டதிட்டம் இருந்தது. புக்கனுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தார்கள் என்று ஒரு பெரிய பத்திரிகை எழுதியது. கால்பந்துச் சங்கம் விசாரணை தொடங்கியது. கழகத்தின் கணக்குப் புத்தகங்கள் எல்லாம் மேஜைக்கு வந்தன.

கணக்கைப் புரட்டியபோது வேறு விஷயங்கள் வெளிவந்தன.

நாரிஸின் சொந்த மோட்டார் டிரைவருக்குக் கழகப் பணத்தில் சம்பளம் போயிருந்தது. கழகத்தின் பஸ் ஒன்றை விற்ற வகையில் வந்த 125 பவுன், கழகத்துக்குச் சேராமல் நாரிஸ் பக்கம் போயிருந்தது.

நாரிஸ் தம் பக்கத்தைச் சொன்னார். கழகத்துக்காகச் சொந்தப் பணத்தை ஏராளமாகக் கொட்டியவர் அவர். அதைப் பார்க்கும்போது இது எம்மாத்திரம் என்பது அவர் வாதம்.

சங்கம் ஏற்கவில்லை. நாரிஸ் விலக்கப்பட்டார். ஹாலும் விலக்கப்பட்டார்.

நாரிஸ் கோர்ட்டுக்குப் போனார். மானநஷ்ட வழக்குப் போட்டார். 1929-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி, சங்கத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னார். கால்பந்து உலகின் கதவு நாரிஸுக்கு அடைக்கப்பட்டுவிட்டது.

64,000 பவுன் நிலத்தை வாங்கச் செய்தவர், 125 பவுனில் விழுந்தார்!

கழகம் தம்முடையது என்று அவர் நினைத்தார். கழகத்தின் பணம் வேறு, உங்கள் பணம் வேறு என்று கணக்கும் கோர்ட்டும் அவருக்குச் சொல்லின. 1913-ம் ஆண்டில் உல்விச் மக்கள் எழுதிய கடிதங்களின் சாரமும் அதுதான். அன்று அவர் கேட்கவில்லை.

வெளியே நின்றவர்

பிறகு ஆர்சனல் பொற்காலம் கண்டது. 1930-ம் ஆண்டில் கோப்பை. 1931-ம் ஆண்டில் முதல் லீக் பட்டம். 1933-ம் ஆண்டிலும், 1934-ம் ஆண்டிலும் மறுபடி பட்டம். 1932-ம் ஆண்டில் கில்லெஸ்பி ரோடு ரெயில் நிலையத்தின் பெயரே ஆர்சனல் என்று மாறியது.

மைதானம் நாரிஸ் தேடிப் பிடித்தது. மானேஜர் நாரிஸ் கொண்டு வந்தவர். ஆனால் வெற்றி விழாக்களில் நாரிஸுக்கு இடம் இல்லை. ஒரு காலத்தில் உல்விச் ரசிகர்கள் தங்கள் கழகம் தூரத்தில் ஆடுவதை வெளியே நின்று பார்த்தார்கள். இப்பொழுது நாரிஸும் வெளியே நின்றார்.

1934-ம் ஆண்டு ஜனவரி மாதம் சாப்மன் இறந்தார். அதே ஆண்டு ஜூலை மாதம் 30-ந் தேதி, சர் ஹென்றி நாரிஸ் மாரடைப்பால் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 69.

உல்விச் என்ன ஆயிற்று?

கழகத்தைப் பறிகொடுத்த மக்கள் என்ன ஆனார்கள்?

உல்விச்சுக்குப் பக்கத்தில் சார்ல்டன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1905-ம் ஆண்டில் வாலிபர்கள் சிலர் ஒரு கழகம் தொடங்கியிருந்தார்கள். ஆர்சனல் போனபிறகு அந்தப் பகுதியில் அதற்கு ஆதரவு பெருகியது. 1919-ம் ஆண்டில் ஒரு பழைய பள்ளத்தை ரசிகர்களே மண்வெட்டி பிடித்துச் சீராக்கி, மைதானம் ஆக்கினார்கள். பள்ளத்தாக்கு என்றே அதற்குப் பெயர். 1921-ம் ஆண்டில் சார்ல்டன் லீகில் சேர்ந்தது.

விதியைப் பாருங்கள்! 1985-ம் ஆண்டில் சார்ல்டன் நிர்வாகிகளும் கழகத்தை வேறு இடத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். அதே பகுதி மக்களுக்கு இரண்டாம் தடவை அடி!

ஆனால் இந்தத் தடவை அவர்கள் கடிதம் எழுதுவதோடு நிற்கவில்லை. 1990-ம் ஆண்டு நகரசபைத் தேர்தலில், பள்ளத்தாக்கு என்ற பெயரிலேயே ஒரு கட்சி தொடங்கிப் போட்டியிட்டார்கள். உல்விச்சும் பிளம்ஸ்டெட்டும் சேர்ந்த கிரீனிச் நகரசபை அது. இடம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் கிட்டத்தட்ட 15,000 ஓட்டு விழுந்தது. நகரசபை விழித்துக்கொண்டது. 1992-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கழகம் தன் பழைய மைதானத்துக்குத் திரும்பி வந்தது!

ஹைபரி மைதானமும் இன்று இல்லை. 2006-ம் ஆண்டில் ஆர்சனல் பக்கத்திலேயே ஒரு புதிய பெரிய மைதானத்துக்குப் போய்விட்டது. நாரிஸ் பிடிவாதமாகப் பிடித்த நிலத்தில் குடியிருப்பு வீடுகள் எழுந்தன. பந்து ஓடிய இடத்தில் பூங்கா இருக்கிறது. வீடு கட்டி முன்னுக்கு வந்தவரின் மைதானம், கடைசியில் வீடாகவே ஆகிவிட்டது.

பணம் போட்டவர் இல்லாமல் கழகம் பிழைக்காது. அதை நாரிஸின் வாழ்க்கை காட்டுகிறது. பணம் போட்டதனால் மட்டும் கழகம் ஒருவருக்கே சொந்தம் ஆகிவிடாது. அதையும் அவருடைய வாழ்க்கையே காட்டுகிறது.

தேர் செய்யக் காசு கொடுத்தவர் பெரியவர்தான். ஆனால் வடம் பிடிக்க ஊர் வேண்டும்.